நாற்பத்தேழாம் நம்பர் பஸ்ஸின் மணி

ஜூன் 6, செவ்வாய்

மணி மறுபடியும் சரியில்லை. மூன்றாவது தடவையாகக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டினேன். கொட்டகையில் ரோலண்ட் டீயும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தான். பழைய பஸ் சங்கத்துக்குச் செயலாளர் என்றால் வேலை செய்யக் கூடாது என்று எங்கோ எழுதியிருக்கிறது போல.

"மணி நல்லாத்தானே அடிக்குது, ஆல்வின். தெருவுக்கே கேக்குது."

"தெருவா பஸ் ஓட்டப் போகுது?" என்றேன். டீயை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜூலை 16 பழைய பஸ் ஓட்டத்துக்கான கையேட்டில் 'பழைய பஸ்ஸில் ஏறுமுன்' என்று நாலு வரி எழுதித் தரச் சொல்லியிருந்தான். எழுதினேன்: 'எங்கள் 47-ஆம் நம்பர் மாடி பஸ் 1949-இல் கட்டியது. முன்னால் டிரைவருக்குத் தனிக் கூண்டு, பக்கத்திலேயே எஞ்சின். கண்டக்டர் பின்படியில். இருவரும் பேசிக்கொள்ள வழி கிடையாது. கயிறும் மணியும்தான். ஒரு அடி என்றால் நிறுத்து. இரண்டு அடி என்றால் போ. இரண்டு அடி கேட்காமல் டிரைவர் பஸ்ஸை நகர்த்த மாட்டார்.' கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

அதற்குக் கீழே: டிரைவர் — ஆல்வின் ரெய்ஸ்ட்ரிக். கண்டக்டர் — டோரீன் மெட்காஃப். பதினேழாவது வருஷமாக இந்த ஜோடி.

ஜூன் 9, வெள்ளி

புது ஸ்பிரிங் போட்டேன். அதே கதை.

ஜூன் 14, புதன்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அவளுக்கு அண்ணன்.

கொட்டகையில் இன்று யாரும் இல்லை. கயிற்றின் நுனியில் ஒரு சணலைக் கட்டி, ஜன்னல் வழியாகக் கூண்டுக்குள் கொண்டுவந்து, நானே உட்கார்ந்து நானே இழுத்தேன். எஞ்சினை அணைத்திருக்கும்போது மணிச்சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் வந்தது. மணி என் தலைக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. எஞ்சினைப் போட்டேன். இழுத்தேன். இழுத்தேன். ஒன்றுமே இல்லை.

மணிக்கு ஒரு கேடும் இல்லை. என் காதுதான் போய்விட்டது. இதை இந்த நோட்டில் மட்டும் எழுதுகிறேன்.

முப்பத்தோரு வருஷம் பால் டேங்கர் ஓட்டினேன். அதில் யாரும் மணி அடிக்கவில்லை, எனக்கும் தெரியவில்லை. எய்லீன் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "உங்கிட்டப் பேசறதும் செவிடன் காதுல ஊதுன சங்கும் ஒண்ணு" என்பாள். பெண்டாட்டி சொல்வது கேட்காமல் போவது வியாதி என்று எந்த ஆண்பிள்ளை நினைப்பான்?

ஜூன் 20, செவ்வாய்

எய்லீன் காது ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ஒரு சின்னப் பெண் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். அவள் அப்போதே பாதி முடித்திருந்தாளாம்.

இரண்டு காதுக்கும் மெஷின் கொடுத்தார்கள். வீட்டில் பரவாயில்லை. குருவிகள் கத்துகின்றன, அவை போயே போய்விட்டன என்று நினைத்திருந்தேன். ஆனால் கூண்டுக்குள் போட்டுப் பார்த்தால் எஞ்சின் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மணியைக் காணோம். மெஷினைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

சங்க விதி 9: மணி கேட்காத யாரும் கூண்டில் ஏறக் கூடாது. அதை எழுதியது யார்? நான்தான். எங்கள் பழைய டிரைவர் பிரையனின் காது மந்தமானபோது நான்தான் கையைத் தூக்கி முன்மொழிந்தேன்.

ஜூன் 27, செவ்வாய்

மூளை இன்னும் மந்தமாகவில்லை.

மணியின் அடியில் நாக்கு படும் இடத்தில் ஒரு தகரப் பட்டையைப் பொருத்தி, வளைத்து, என் இடது தோள் வரைக்கும் இறக்கிவிட்டேன். கயிற்றை இழுத்தால் பட்டை தோளில் தட்டுகிறது. ஒரு இழுப்புக்கு ஒரு தட்டு. இரண்டுக்கு இரண்டு. காதே வேண்டாம். கறுப்பு பெயிண்ட் அடித்துவிட்டதால் பார்த்தால் தெரியாது.

வீட்டுக்குப் பாடிக்கொண்டே வந்தேன். "என்ன, லாட்டரி விழுந்துச்சா?" என்றாள் எய்லீன். பஸ் நல்லபடியாக ஓடுகிறது என்றேன். பொய் இல்லை.

ஜூலை 2, ஞாயிறு

டோரீனோடு வெள்ளோட்டம். கெல்பெக் வரை போய் வந்தோம். பதினோரு மைலும் ஒரு தட்டுக்கூடத் தப்பவில்லை.

தொப்பியைப் போட்டுவிட்டால் டோரீன் வேறு ஆள். தோட்டத்தில் பார்த்தால் நான் "ஆல்வின்". பஸ்ஸில் "டிரைவர்". நானும் அவளைக் "கண்டக்டர்" என்றுதான் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப மாட்டாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் போகும்போதும் காலி பஸ்ஸில் மேலே ஏறி ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கயிற்றை இழுத்தாள்.

திரும்பி வந்ததும், "இன்னிக்கு என்ன டிரைவர், இழுத்த கையோட கிளம்பறீங்க? போன வருஷம் ரெண்டு ரெண்டு தடவை இழுக்க வச்சீங்களே" என்றாள்.

"மணியைச் சரி பண்ணிட்டேன்" என்றேன்.

ஜூலை 15, சனி

காலணி பாலிஷ். எய்லீன் பழக்கேக் சுட்டாச்சு, சீஸ் வெட்டியாச்சு. நாளைக்கு மழை இல்லை.

ஜூலை 16, ஞாயிறு

முதலிலிருந்தே எழுதுகிறேன்.

காலை நன்றாக இருந்தது. அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. மார்ஸ்கில் சந்தைத் திடலில் ஒன்பது பஸ்கள், கண்ணாடியெல்லாம் வெயில். நோட்டும் பென்சிலுமாகப் பஸ் நம்பர் குறிக்கிற வழக்கமான ஆட்கள். ஒருவர் தரையில் மல்லாக்கப் படுத்து 47-இன் வயிற்றைப் படம் எடுத்தார். அவர் மனைவி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். "முப்பது வருஷமா இவரோட காலைத்தான் பாக்கறேன்" என்று என்னிடம் சொன்னாள். அவள் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் புரிந்தது.

பத்து பத்துக்கு முதல் நடை. மாடியில் ஒரு இடம் காலி இல்லை. ஸ்டோனிரிக் மேட்டில் முதல் கியரில் ஏறினோம். பாதி வழியில் ஒரு கூட்டம் ஆடு நடுரோட்டில் படுத்திருந்தது. டோரீன் இறங்கிப்போய் டிக்கெட் கேட்டாள். மாடியில் இருந்தவர்கள் சிரித்தது பஸ் ஆடியதில் எனக்குத் தெரிந்தது. இரண்டாவது நடையும் அப்படித்தான். தோளில் தட்டு, கிளம்பு, தட்டு, நில். இதற்காகத்தான் வருஷம் பூராவும் எண்ணெயில் கிடக்கிறேன்.

மூன்றாவது நடை. கெல்பெக் சர்ச் மண்டபத்து முன்னால் திரும்பி நின்றோம். ஆட்கள் டீ குடித்துவிட்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். தோளில் தட்டியது. ஒன்று. இரண்டு.

கிளம்பினேன்.

கண்ணாடியில் ரோட்டின் மேல் ஒரு கைப்பை கிடப்பது தெரிந்தது. அப்புறம் ஒரு கால். பிரேக்கை மிதித்தேன். இரண்டு கஜம் போயிருப்பேன், அதற்கு மேல் இல்லை.

லீட்ஸிலிருந்து வந்த அம்மா, பெயர் ஜாய்ஸ், நல்ல கனமான உடம்பு. ஒரு காலைப் படியில் வைத்திருக்கிறார், அடுத்த காலை எடுத்திருக்கிறார், பஸ் நகர்ந்துவிட்டது. டோரீன் அவர் கோட்டுக் காலரைப் பிடித்துக்கொண்டு தானும் மண்டியிட்டுக் கிடந்தாள். விட்டிருந்தால் பின்மண்டை ரோட்டில். முழங்கால் சிராய்ப்பு, கை சுளுக்கு. அந்த அம்மாதான் எல்லோரையும் சமாதானப்படுத்தினார். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, முதல்ல பையை எடுங்க, உள்ள முட்டை இருக்கு" என்றார்.

பின்னாலேயே காரில் வந்த ரோலண்ட் ஓடி வந்து கூண்டுக் கதவைத் திறந்தான்.

"ரெண்டு மணி கேட்டுதா, ஆல்வின்?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆமா" என்றேன்.

அவன் டோரீனைப் பார்த்தான். அவள் தன் வலது கையைப் பார்த்தாள். கயிற்றுக்குப் பக்கத்தில்தான் அந்தக் கை இருந்திருக்கிறது.

"அப்ப நான்தான் இழுத்திருக்கணும்" என்றாள். "எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா இழுக்காம அவர் கிளம்ப மாட்டாரே."

அந்த அம்மா ஏறின கனத்தில் பஸ் ஆடியிருக்கிறது. முதல் கால், ஒரு ஆட்டம். கம்பியைப் பிடித்து இழுத்தது, இன்னொரு ஆட்டம். பட்டை தட்டியிருக்கிறது; ஏறுகிறவர்களின் பேச்சிலும் எஞ்சின் சத்தத்திலும் மணி அடித்ததா இல்லையா என்று யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன், வேறு எதுவும் இருக்க முடியாது. டோரீன் கயிற்றைத் தொடவே இல்லை.

ஜூலை 17, திங்கள்

ஒரு வார்த்தைதான். ஆமா. அதற்கு முன்னால் மூச்சு விடக்கூட நேரம் இல்லை. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது.

ஜூலை 19, புதன்

டோரீன் தொப்பி, டிக்கெட் மெஷின், தோல் பை எல்லாவற்றையும் ரோலண்ட் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டாளாம். தொப்பியை பிரஷ் போட்டு, மெஷினைத் துடைத்து, ஒரு டப்பாவில் அடுக்கி. சம்பவப் புத்தகத்தில் அவளே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள்: 'கண்டக்டர் தவறுதலாக இரண்டு அடி கொடுத்தார். டிரைவர் விதிப்படி நடந்தார்.'

ரோலண்ட் போனில் சொன்னான். காது மெஷின் போட்டுக்கொண்டுதான் பேசினேன், நன்றாகக் கேட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல, ஆல்வின். மனசுல வச்சுக்காதீங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஜூலை 23, ஞாயிறு

இப்படி யோசித்துப் பார்க்கிறேன். டோரீனுக்கு அறுபத்து மூன்று. மூட்டு வலி. எப்படியும் இன்னும் இரண்டு வருஷத்தில் விட்டுவிடுவாள். அவளுக்கு வாசிக்க ஆர்கன் இருக்கிறது, பூனை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சர்ச் இருக்கிறது. எனக்கு 47-ஐ விட்டால் என்ன? கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். பட்டையைக் கழற்றிவிட்டு வேறு ஏதாவது —

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். இதை எழுதினவனோடு ஒரே மேஜையில் நான் டீ குடிக்க மாட்டேன்.

ஜூலை 27, வியாழன்

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன்.

எய்லீன் கடையிலிருந்து வந்தாள். பையை வைக்கக்கூட இல்லை. "டோரீன் செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்டப் போறா, தெரியுமா? ஞாபக சக்தி பரிசோதனைக்கு."

"எதுக்கு?"

"எதுக்கா? அவ அம்மாவுக்கு எப்படி ஆரம்பிச்சுது? கை ஒண்ணு செய்யும், மனசுக்குத் தெரியாது. கேஸைத் திறந்துட்டுத் திறக்கலம்பாங்க. அதே வயசு. தனக்கும் வந்துடுச்சுன்னு அழறா. அடுப்பு மேல, கதவு மேல, எல்லாத்துலயும் சீட்டு ஒட்டி வச்சிருக்கா. ஆர்கன் வாசிக்கறதையும் விட்டுட்டா."

நான் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேக்குதா ஆல்வின்?"

கேக்குது. கேக்குதுடி. எல்லாம் கேக்குது.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டை, தட்டு, ஆமா என்றது, எல்லாம். எய்லீன் கத்துவாள் என்று நினைத்தேன். மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், "நாளைக்குக் காலைல போ" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் சாமான்களை எடுத்து அடுக்கினாள்.

ஜூலை 28, வெள்ளி

போனேன்.

எய்லீன் சொன்னது உண்மை. கொல்லைக் கதவில் 'பூட்டினாயா?' என்று மஞ்சள் சீட்டு. அடுப்புக்கு மேலே 'அணைத்தாயா?' டோரீனின் அழகான கையெழுத்து, சம்பவப் புத்தகத்தில் இருக்கிற அதே கையெழுத்து. அவள் கெட்டிலை வைத்துவிட்டு, பொத்தானை அழுத்தினோமா என்று இரண்டு தடவை குனிந்து பார்த்தாள். இத்தனை வருஷமாக என் உயிரையும் ஐம்பது பேர் உயிரையும் அந்த ஒரு கையை நம்பித்தான் விட்டிருந்தேன்.

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "நீ கயித்தை இழுக்கல, டோரீன். எனக்கு மணியே கேக்காது. ரெண்டு வருஷமா கேக்கல." பட்டையைக் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன், மேஜைமேல் வைத்தேன். அது எப்படித் தட்டும் என்று என் தோளில் தட்டிக் காட்டினேன்.

அவள் திரும்பிக்கொண்டாள். பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்து நின்றுகொண்டு என்னவோ சொன்னாள். தோள் அசைந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மெஷினைப் போட மறந்து போயிருந்தேன்.

"என்ன சொன்னே?" என்றேன். வேறு என்ன செய்வது? இதைவிட மோசமான கேள்வியை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை.

திரும்பினாள். முகமெல்லாம் ஈரம். நான் வாயைப் பார்க்கும்படி நிதானமாகச் சொன்னாள்.

"பன்னெண்டு நாள், ஆல்வின். பன்னெண்டு நாளா நான் எங்க அம்மாவா இருந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன், அது அந்தச் சமையலறையில் ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை.

அவள் போய் அடுப்புச் சீட்டைக் கிழித்தாள். கதவுச் சீட்டைக் கிழித்தாள். பட்டையைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "டீ கொதிச்சாச்சு. குடிச்சிட்டுப் போங்க. ஆனா எங்கூடப் பேசாதீங்க" என்றாள். குடித்தேன். அவள் பூனையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு சூடான டீயை இவ்வளவு சீக்கிரம் நான் குடித்ததில்லை.

ஜூலை 30, ஞாயிறு

ரோலண்டிடம் பட்டையைக் கொடுத்தேன். சம்பவப் புத்தகத்தை வாங்கி, டோரீன் எழுதியதைக் குறுக்கே அடித்து, கீழே எழுதினேன்: 'கண்டக்டர் மணி அடிக்கவில்லை. டிரைவருக்குக் காது கேட்காது, அதை மறைத்தார். விதி 9.' கையெழுத்து.

ரோலண்ட் ரொம்ப நேரம் படித்தான். "விதியை எழுதினதே நீங்கதானே" என்றான்.

"அதனாலதான் நம்பர் ஞாபகம் இருக்கு."

அவன் சிரிக்கவில்லை. கூண்டுச் சாவியைக் கேட்டான். வளையத்திலிருந்து கழற்ற நகம் உடைந்தது. திரும்பி வரும்போது பிரையன் வீட்டில் வண்டியை நிறுத்தி அவனிடமும் சொல்லிவிட்டு வந்தேன். அவன் இரண்டு தடவை "என்ன?" என்றான், நான் மூன்று தடவை. ஒருவழியாகப் பேசி முடித்தோம்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

ஜாய்ஸ் அம்மாவுக்கு உண்மையைக் கடிதமாக எழுதியிருந்தேன். பதில் வந்தது. 'கை சரியாகிவிட்டது. முட்டையில் இரண்டுதான் உடைந்தது. உங்கள் கண்டக்டருக்கு என் அன்பு.' எனக்கு அன்பு இல்லை. நியாயம்தான்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

சர்ச்சில் மறுபடியும் ஆர்கன் வாசிப்பது டோரீன். மெஷினைப் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாட்டு பித்தளைப் பாத்திரத்தை உருட்டினதுபோல் கேட்டது. இருந்தாலும் எழுந்திருக்கவில்லை. வாசலில் எய்லீனோடு பேசினாள். என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

கொட்டகைக்குப் போய் 47-இன் சக்கரங்களைக் கழுவினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. புது டிரைவர் ஹெதர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இரண்டாவது கியர் விழ மாட்டேன் என்கிறது என்றாள். கிளட்சை இரண்டு தடவை மிதிக்கச் சொல்லிக் கொடுத்தேன். நன்றாகவே ஓட்டுகிறாள். எரிச்சலாக இருந்தது.

செப்டம்பர் 10, ஞாயிறு

டோரீனிடமிருந்து செய்தி. 'இருபத்து நாலாம் தேதி. காலை ஒன்பது. கறுப்புக் காலணி.' வேறு ஒன்றும் இல்லை. எய்லீனிடம் காட்டினேன். "அப்ப பாலிஷ் டப்பாவைத் தேடு" என்றாள்.

செப்டம்பர் 24, ஞாயிறு

இலையுதிர்கால ஓட்டம். காலையில் தூறல், அப்புறம் விட்டது.

டோரீன் கொட்டகை வாசலில் தொப்பியோடு நின்றாள். கையில் இன்னொரு தொப்பி. என் தலைக்குச் சின்னது. "வேற இல்ல" என்றாள். டிக்கெட் மெஷினை என் கழுத்தில் மாட்டிவிட்டு, வாரை இரண்டு ஓட்டை தள்ளிப் போட்டாள். ஜூலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரோலண்ட் தூரத்தில் நின்று எங்களைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காது வேணாமா இதுக்கு?" என்று கேட்டேன்.

"கண்ணு போதும். மேல எத்தனை பேரு, படில யாரு, ரோட்டுல யாரு. ஒவ்வொரு ஸ்டாப்புலயும் மூணையும் பாத்துட்டு அப்புறம்தான் கை. எனக்குத் தெரியாம உங்க கை கயித்துக்குப் போச்சுன்னா, இறக்கி விட்டுடுவேன்."

மார்ஸ்கில்லிலிருந்து கெல்பெக் வரை அவள்தான் இழுத்தாள். நான் டிக்கெட் கிழித்தேன், தப்புத் தப்பாக. ஒரு கிழவருக்கு நாய்க்குக் கொடுக்கிற டிக்கெட்டைக் கொடுத்துவிட்டேன். அவர் அதை வைத்துக்கொள்கிறேன் என்றார். பதினேழு வருஷமாக இந்த ரோட்டில் ஓட்டியிருக்கிறேன், மாடியிலிருந்து ஆறு தெரியும் என்பது இன்றுதான் தெரிந்தது. ஸ்டோனிரிக் மேட்டில் ஹெதர் கியரை ஒரே தடவையில் போட்டாள். உள்ளங்காலில் உணர்ந்தேன். நல்லா போட்டா.

கெல்பெக். அதே சர்ச் மண்டபம், அதே இடம். எல்லோரும் ஏறினார்கள். கடைசியாக ஒரு தம்பதி, கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். மேலே போய்ப் பார்த்தேன். படியைப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்தேன். மறுபடியும் ரோட்டைப் பார்த்தேன். டோரீன் எதிரே கம்பியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாய் எனக்குத் தெரியும்படி முகத்தைத் திருப்பினாள்.

"கிளம்பலாம், கண்டக்டர்" என்றாள்.

கயிற்றை இரண்டு தடவை இழுத்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பஸ் நகர்ந்தது.